எட்டுக்கு எட்டு

நம் பள்ளிக் கணினி அறையை நினைத்தால் என் கண்ணில் முதலில் வருவது திரையின் பின்னணிதான். திறந்திருக்கும் விண்டோக்களுக்குப் பின்னால், ஐகான்களுக்கு அடியில், கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப்பொடியாகப் பரவிக் கிடந்த அந்தப் புள்ளி வடிவங்கள். பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்பு வந்ததும், ஆண்டு விழாவையும் விளையாட்டுப் போட்டிகளையும் பற்றி எழுத என்னைவிட நல்ல நினைவாற்றல் உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்று தோன்றியது. இந்தப் புள்ளிகளைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பின்னால் வந்த மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நாங்கள் படித்தபோது அறையில் இருந்தவை கறுப்பு வெள்ளைத் திரைகள். உள்ளே ஓடியது 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1. அதன் கண்ட்ரோல் பேனலில் ‘டெஸ்க்டாப்’ என்ற ஐகானைத் திறந்தால் ‘பேட்டர்ன்’ என்று ஒரு பட்டியல் வரும். பாக்ஸஸ், வீவ், டூலிப், குவில்ட், டைமண்ட்ஸ், ஸ்பின்னர், கிரிட்டர்ஸ், ஸ்காட்டி என்று வரிசையாகப் பெயர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் திரை முழுக்க அது நிரம்பிவிடும். பக்கத்திலேயே ‘எடிட் பேட்டர்ன்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. எங்கள் கூட்டத்துக்கு அந்தப் பொத்தான்தான் எல்லாம்.

அதை அழுத்தினால் எட்டுக் கட்டம் அகலம், எட்டுக் கட்டம் உயரம் கொண்ட ஒரு சதுரம் பெரிதாகத் தெரியும். ஒரு கட்டத்தில் கிளிக் செய்தால் கறுப்பாகும், மறுபடி கிளிக் செய்தால் பழையபடி ஆகிவிடும். அருகில் ஒரு சின்னப் பெட்டியில், நாம் போடுவது பரவினால் எப்படி இருக்கும் என்று உடனுக்குடன் காட்டிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு புள்ளி வைத்தால் அங்கே பத்து இருபது இடங்களில் அதே புள்ளி முளைக்கும். அந்த நொடி இன்னும் மனத்தில் அப்படியே இருக்கிறது. கணினி நான் சொன்னதைக் கேட்கிறது என்று அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

எங்கள் கணினி ஆசிரியர் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்றே விட்டுவிடுவார். சும்மா விளையாடட்டும் என்று விட்டதாகத்தான் அப்போது நினைத்தோம். ஒரு நாள் ஸ்காட்டி பேட்டர்னைத் திரை முழுக்கப் போட்டு வைத்திருந்தோம். அது ஒரு குட்டி நாய். அவர் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுல எத்தனை நாய் இருக்குடா?”

எண்ணத் தொடங்கினோம்.

“எண்ணாதீங்கடா. திரை 640க்கு 480 புள்ளி. நாய் எட்டுக்கு எட்டு. கணக்குப் போடுங்க.”

குறுக்கே 80, நெடுக்கே 60. மொத்தம் 4,800 நாய்.

“சரி, இதை ஞாபகத்துல வச்சுக்க கம்ப்யூட்டருக்கு எத்தனை பைட் வேணும்?”

யாருக்கும் தெரியவில்லை. நோட்பேடில் ‘கண்ட்ரோல் டாட் ஐஎன்ஐ’ என்ற கோப்பைத் திறக்கச் சொன்னார். உள்ளே பேட்டர்ன்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எட்டே எட்டு எண்கள். ஸ்காட்டிக்கு எதிரே இருந்தவை 64, 192, 200, 120, 120, 72, 0, 0. அந்த எண்களை இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இரும எண்களைக் கரும்பலகையில் அதற்கு முன்பே நடத்தியிருந்தார். பரீட்சைக்கு எழுதும் அளவுக்குப் புரிந்தும் இருந்தது. ஆனால் அது எதற்கு என்பது அன்றுதான் விளங்கியது. ஒரு வரிசையில் எட்டுக் கட்டம், கணினிக் கணக்கில் அது ஒரு பைட். இடமிருந்து வலமாக அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. கறுப்பாக உள்ள கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசையின் எண் கிடைத்துவிடும். முதல் எண் 64, அதாவது இடமிருந்து இரண்டாவது கட்டம் மட்டும் கறுப்பு: அது நாயின் காது. 192 என்றால் 128ம் 64ம்: தலை. 200 என்றால் 128, 64, 8: இடப்பக்கம் முகம், வலப்பக்கம் தனியாக ஒரு புள்ளி, தூக்கிய வால். 120 இரண்டு முறை வருகிறதே, அது உடம்பு. 72 என்றால் 64ம் 8ம்: முன்னங்கால் ஒன்று, பின்னங்கால் ஒன்று. கடைசி இரண்டு சுழியங்களும் வெறும் இடம். அந்த இடம் இல்லையென்றால் நாயின் கால் கீழ் வரிசை நாயின் தலையில் போய் நிற்கும். வலப்பக்கமும் மூன்று பத்திகள் காலியாக விடப்பட்டிருக்கின்றன. எட்டு பைட்டுக்குள் ஒரு நாயையும் அது நிற்பதற்கு இடத்தையும் ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார்!

அதே திரைக்கு ஒரு முழுப் படத்தைப் பின்னணியாக வைத்தால், வெறும் கறுப்பு வெள்ளைப் படமே 38,400 பைட் ஆகும். 256 வண்ணப் படம் என்றால் 3,07,200 பைட். நான்கு மெகாபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு ஓடிய இயந்திரங்களில் அது சின்ன விஷயம் இல்லை. பேட்டர்னோ எட்டு பைட்டில் முடிந்துவிட்டது.

அப்புறம் நாங்களே எழுதத் தொடங்கினோம். தமிழ் எழுத்துகளை எட்டுக்கு எட்டில் அடக்க முடியுமா என்று ஒரு போட்டியே நடந்தது. ட சுலபம், ப அதைவிடச் சுலபம். 66, 66, 66, 66, 126, 0, 0, 0 என்று எழுதினால் அழகான ப வந்துவிடும். இ, ழ, ஜ எல்லாம் கடைசி வரை படியவில்லை. சுழிக்கும் கொம்புக்கும் அந்த எட்டுக் கட்டத்தில் இடம் போதாது. ஆனால் எனக்குப் பாடமாக அமைந்தது அந்தச் சுலபமான ப தான். நண்பன் ஒருவன், எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று காலி வரிசைகளை எடுத்துவிட்டு 66ஐ ஏழு முறையும் 126ஐ ஒரு முறையும் போட்டான். சதுரத்துக்குள் நெட்டையான ப நன்றாகவே தெரிந்தது. திரையில் பரப்பினால் எழுத்தையே காணோம், மேலிருந்து கீழ்வரை ஏணிகள் நிற்கின்றன. ஒரு ப-வின் அடிக்கோடு, கீழே இருக்கும் ப-வின் இரண்டு கால்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தப் புள்ளி வடிவங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். சதுரத்துக்குள் என்ன வரைகிறோம் என்பது பாதி வேலை. அந்தச் சதுரம் தன் வலது ஓரத்தில் தன்னையே சந்திக்கும்போதும், கீழ் ஓரத்தில் தன்னையே சந்திக்கும்போதும் என்ன ஆகிறது என்பதுதான் மீதிப் பாதி, கடினமான பாதி. தரையில் பூ ஓடு பதிப்பவர் ஒற்றை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டே மொத்தத் தரையையும் பார்ப்பாரே, அந்தக் கண் இதற்கு வேண்டும்.

அந்தக் கண்ணோடு செய்யப்பட்டதற்கு என்னைக் கேட்டால் குவில்ட் பேட்டர்னைத்தான் காட்டுவேன். அதன் எண்கள் 130, 68, 40, 17, 40, 68, 130, 1. கட்டத்தாளில் போட்டுப் பாருங்கள். தனிச் சதுரத்தில் ஒரு பெருக்கல் குறி தெரியும். வலது ஓரத்தின் நடுவே ஒரு புள்ளியும், கீழ் வலது மூலையில் ஒரு புள்ளியும் சம்பந்தமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அழகென்று சொல்ல எதுவும் இருக்காது. அதையே நான்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெருக்கல் குறிகளின் கைகள் நீண்டு ஒன்றையொன்று தொடும், அவற்றுக்கு இடையே வைரங்கள் தோன்றும். மூலைப் புள்ளி, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சரியாகப் போய் உட்காரும். ஓரத்துப் புள்ளியோ, ஒன்று விட்டு ஒரு வைரத்தின் நட்ட நடுவில் வந்து நிற்கும். சதுரத்தில் இல்லாத வைரம் பரப்பில் இருக்கிறது. இதை முதலில் பார்த்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

இந்தக் கலை விண்டோஸில் பிறந்ததல்ல என்பதைப் பின்னாளில் தெரிந்துகொண்டேன். 1984 ஜனவரியில் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டோஷின் திரை ஒன்பது அங்குலம்தான். 512க்கு 342 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, சாம்பல் நிறம் என்பதே கிடையாது. ஆனாலும் அதன் டெஸ்க்டாப் சாம்பலாகத் தெரிந்தது. ஒரு புள்ளி கறுப்பு, அடுத்தது வெள்ளை, அடுத்த வரிசையில் மாற்றி வெள்ளை, கறுப்பு. 170, 85, 170, 85 என்று மாறி மாறி வரும் எண்கள். மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். அந்தச் சாம்பலின் மேல் வெள்ளை விண்டோ வந்தால் பளிச்சென்று எடுத்துக்காட்டும். நிழல், வண்ணம் எதுவும் இல்லாமல், எது முன்னால் எது பின்னால் என்று அதில் தெரிந்துவிடும்.

அந்தத் திரையில் எதை வரைவதாக இருந்தாலும் ஆப்பிளின் பொறியாளர் பில் அட்கின்சன் எழுதிய குவிக்டிரா நிரல்தான் வரைந்தது. பேட்டர்ன் என்பதை அவர் எட்டுக்கு எட்டாக வைத்ததில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எட்டுப் புள்ளி என்றால் சரியாக ஒரு பைட். திரையில் எந்த வரி என்பதைச் சொல்லும் எண்ணை இரும எண்ணாக எழுதி, அதன் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும், பேட்டர்னின் எந்த வரிசையைப் போட வேண்டும் என்று தெரிந்துவிடும். பெருக்கலும் வகுத்தலும் தேவையில்லை. மேலும், டெஸ்க்டாப் பேட்டர்ன் திரையின் மூலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. விண்டோவை நகர்த்தும்போது திறக்கும் இடத்தை மட்டும் நிரப்பினாலும் பழைய பரப்போடு ஒட்டுத் தெரியாமல் சேர்ந்துகொள்ளும். 128 கிலோபைட் நினைவகம் மட்டுமே இருந்த இயந்திரம். அதில் 21,888 பைட் திரைக்கே போய்விடும். இருப்பதை அறிந்து செலவு செய்த வேலை அது. அட்கின்சன் 2025 ஜூனில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

மெக்கின்டோஷை உருவாக்கிய குழுவில் ஐகான்களையும் எழுத்துருக்களையும் வரைந்தவர் சூசன் கேர். கணினிப் படிப்பு படித்தவர் அல்லர், கலை பயின்று வந்தவர். கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் கட்டங்களை நிரப்பித்தான் முதல் ஐகான்களை வரைந்து பார்த்தார். மொசைக்கும் ஊசிவேலையும் ஏற்கெனவே செய்து பழகியவர் என்பதால் பிக்சல் என்னும் திரைப்புள்ளி அவருக்குப் புதிதாக இல்லை. மெக்கின்டோஷின் கண்ட்ரோல் பேனலிலும் நம் எடிட் பேட்டர்ன் போலவே ஒரு சின்னச் சதுரம் உண்டு. பக்கத்தில் ஒரு குட்டித் திரை. அந்தக் குட்டித் திரையின் மேல் பட்டையைக் கிளிக் செய்யச் செய்ய ஒவ்வொரு பேட்டர்னாக மாறும். நமக்கெல்லாம் எட்டு வருடம் முன்பே யாரோ அதில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

கல்லூரிக்குப் போனபோது யூனிக்ஸ் இயந்திரங்களில், திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் விண்டோ என்ற நிரல் தொடங்கியதும் திரை முழுக்க ஒரு பொடி நெசவு வந்து நிற்கும். பார்த்ததும் பழகிய முகம் போல இருந்தது. விண்டோஸ் 95லும் 98லும் பேட்டர்ன் இருந்தது, ஆனால் வண்ணப் படங்களுக்கு நடுவே அதைத் தேடிப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தப் பொத்தானே இல்லை. நினைவகம் மலிவானதும் புகைப்படங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. அதில் எனக்கு வருத்தம் உண்டு. யாரோ எடுத்த மலையும் கடலும் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதில் ஒரு புள்ளியைக்கூட நாம் வைக்கவில்லை.

இப்போது அந்தப் பழைய பேட்டர்ன்களைத் திரும்பப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய கண்ணாடிக் குழாய்த் திரையில் ஒரு புள்ளியின் ஒளி அடுத்த புள்ளியின் மேல் சற்றே கசியும். அதனால் சாம்பல் மெத்தென்று இருந்தது. இன்றைய எல்சிடியில் ஒவ்வொரு புள்ளியும் கத்தி வெட்டியதுபோல நிற்கிறது. ஒன்று விட்டு ஒன்று கறுப்பு வெள்ளை வந்தால் சில திரைகள் மினுக்கவும் செய்கின்றன. அளவும் சுருங்கிவிட்டது. மெக்கின்டோஷில் அங்குலத்துக்கு 72 புள்ளி, ஒரு பேட்டர்ன் சதுரம் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர். இன்றைய கைப்பேசியில் அதே எட்டுப் புள்ளி ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. பழைய கணினித் திரைகளின் படங்களை யாராவது சுருக்கி அனுப்பினால் இன்னும் மோசம். புள்ளிகள் குழைந்து எங்கும் இல்லாத அலைகள் தோன்றிவிடுகின்றன. ஆகவே நான் ஒவ்வொரு புள்ளியையும் நான்குக்கு நான்காகப் பெரிதாக்கி, ஓரம் மழுங்காமல் வைத்து என் திரையில் போட்டிருக்கிறேன். இப்போது இதை எழுதும் விண்டோவுக்குப் பின்னால் இருப்பது குவில்ட்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் அன்று செய்த பேட்டர்ன்கள் பல உண்டு. பள்ளியின் பெயரின் முதல் எழுத்தை வைத்து ஒன்று, மீன் ஒன்று, எதிரெதிர் திசையில் ஓடும் அம்புகள், ஓரங்கள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத ஒரு பின்னல். அந்தப் பின்னலைச் செய்தவள் நம் வகுப்பிலேயே வாய் திறக்காத பெண். யாரிடமாவது அக்காலத்து பிளாப்பி வட்டோ, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கமோ மிஞ்சியிருந்தால் தேடிப் பாருங்கள். கோப்பு வேண்டாம், படமும் வேண்டாம். எட்டு எண்களைத் தொலைபேசியில் சொன்னாலே போதும், நான் எழுதிக்கொள்கிறேன். கிடைத்தவற்றை எல்லாம் அடுத்த மலரில் கட்டம் கட்டமாக அச்சிட ஆசிரியர் குழு ஒரு பக்கம் ஒதுக்கித் தர வேண்டும் என்றும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.