ஐப்பசி மழையும் 1.3-உம்

அக்டோபர் 21

மழை. கரிமமும் சத்துகளும் அளக்க ஆய்வகத்தில் பரப்பிய மண் எதுவும் காயவில்லை.

அக்டோபர் 22

பெரியநாயக்கன்பாளையம் தொடரின் (மண் வகைப்பாட்டில் ஒரு பிரிவு) கரிசல் பாதி ஈரத்தில் இருக்கிறது. உதிர்க்க இதுதான் நேரம். முழுக்கக் காய்ந்துவிட்டால் கட்டி மரச் சுத்தியலுக்கும் மசியாது. ஓங்கி அடித்தால் உள்ளிருக்கும் சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக் கட்டியும் நொறுங்கிச் சல்லடையில் இறங்கிவிடும், சுண்ணாம்பு அளவு பொய்யாக ஏறும். இருகூர்ச் செம்மண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை, விரல் பட்டாலே உதிர்கிறது.

சீக்கிரம் காய ஓவனில் வைக்கலாமா என்று ஜூனியர் தம்பி கேட்டான். கூடாது. 105 டிகிரி என்பது ஈரப்பதம் கணக்கிட எடுக்கும் தனிப் பங்குக்கு மட்டும். அந்தச் சூட்டில் பயிருக்குக் கிடைக்கும் சாம்பல் சத்தும் மாங்கனீசும் மாறிவிடும். நிழல், மின்விசிறி, அடிக்கடி புரட்டல், அவ்வளவுதான் வழி. ஆனால் ஈரமாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை நைட்ரேட்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 24

துணிப்பைக்குள் போட்ட சீட்டில் பென்சில் எழுத்து மட்டும் பிழைத்தது. பேனா மை எல்லாம் நீலக் கறை. உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில், உள்சீட்டு பாலித்தீன் உறைக்குள்.

அக்டோபர் 26

வெயில்! 2 மி.மீ. சல்லடை வேலை முழுவதும் முடிந்தது. கரிமத்துக்கு 0.2 மி.மீ. வேண்டும். எடுத்த பங்கு முழுவதும் இறங்கும்வரை அரைக்க வேண்டும், மேலே நிற்பதைக் கொட்டிவிடக் கூடாது. கொட்டினால் மணல் கழிந்து கரிமம் கூடிய மண்ணாகிவிடும். பீங்கான் கல்வம் மட்டும். இரும்பு உரலில் அரைத்தால் தேயும் இரும்புத் துகளும் கரிமத்தை எரிக்கப் போடும் டைகுரோமேட்டைத் தின்னும், அது கரிமமாகவே கணக்கில் ஏறும். துத்தநாகம், தாமிரம் பார்க்க வேண்டிய மண் பித்தளைச் சல்லடைப் பக்கமே போகக் கூடாது, நைலான் சல்லடை.

அக்டோபர் 28

வாக்லி–பிளாக், மண்ணின் கரிமம் அளக்கும் முறை. 1 கிராம் மண், 500 மி.லி. கோனிக்கல் பிளாஸ்க், 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மி.லி., அடர் கந்தக அமிலம் 20 மி.லி.

இந்த அமிலத்தை ஊற்றும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அடியில் அடுப்பு கிடையாது. அமிலமும் நீரும் கலக்கும்போது எழும் சூடு, சுமார் 120 டிகிரி, அதுதான் கரிமத்தை எரிக்கும் ஒரே நெருப்பு. பயந்து பயந்து சொட்டுச் சொட்டாக விட்டால் சூடு ஏறுவதற்குள் ஆறிவிடும், கரிமம் குறைவாக வரும். டிஸ்பென்சரில் ஒரே மூச்சில் இறக்கி, ஒரு நிமிடம் சுழற்றி, 30 நிமிடம் வைக்க வேண்டும். மழைநாளில் கடப்பைக்கல் மேடை சில்லென்று இருக்கிறது, பிளாஸ்க்கை நேராக அதன்மேல் வைத்தால் சூட்டை உறிஞ்சிவிடும். அடியில் தடித்த அட்டை போட்டோம். வரிசை முழுவதற்கும் ஒரே மாதிரி.

பிறகு 200 மி.லி. தண்ணீர், 10 மி.லி. ஆர்த்தோபாஸ்பாரிக் அமிலம், 1 மி.லி. டைபினைல்அமீன் (நிறங்காட்டி). செலவாகாமல் மிஞ்சிய டைகுரோமேட்டை அளக்க 0.5 நார்மல் பெரஸ் அம்மோனியம் சல்பேட்டில் டைட்ரேஷன். பாஸ்பாரிக் அமிலம் பெரிக் அயனிகளைக் கட்டிப்போடுவதால்தான் முடிவுப்புள்ளி கூர்மையாகிறது. கலங்கிய ஊதாவிலிருந்து பச்சைக்கு ஒரே சொட்டில் தாவும். கரிசலில் கலங்கல் அதிகம், பின்னால் வெள்ளைத் தாளும் ஒரு விளக்கும் இல்லாமல் அந்தச் சொட்டு தெரியாது. அமிலம் ஊற்றி முடித்ததுமே பச்சை தெரிந்தால் டைகுரோமேட் தீர்ந்துவிட்டது என்று பொருள். மண்ணைப் பாதியாக்கி மறுபடி. உவர் மண்ணில் குளோரைடும் டைகுரோமேட்டைச் செலவழிக்கும், அதற்கு அமிலத்தில் சில்வர் சல்பேட்.

பிளாங்க் (மண் போடாதது) 20.4 மி.லி. சாம்பிள் 17.3 மி.லி.

10 × 3.1 ÷ 20.4 × 0.003 × 100 = 0.46 சதவீதம்.

அக்டோபர் 29

0.46-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 0.60.

0.5-க்குக் கீழே குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். பெருக்காத ஆய்வகத்தில் இந்த நிலம் குறைவு, பெருக்கும் ஆய்வகத்தில் நடுத்தரம். மண் ஒன்றுதான். உரப் பரிந்துரை வேறாகிவிடும். 1934 முதல் இந்த 1.3 கைமாறி வருகிறது: இந்தச் சூட்டில் கரிமத்தில் ஏறத்தாழ 77 சதவீதமே ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்ற சராசரியின் தலைகீழ். சராசரி! மண்ணுக்கு மண் அது மாறும். தீயில் கருகிய கரித்துண்டு கிடக்கும் மண்ணில் இன்னும் குறையும். எங்கள் கரிசலுக்கு எவ்வளவு?

அக்டோபர் 30

போடுவதா, வேண்டாமா.

நவம்பர் 2

பெரஸ் அம்மோனியம் சல்பேட் காற்றில் வீரியம் இழக்கிறது. இன்று பிளாங்க் 20.9. கரைசலைக் கொட்ட வேண்டியதில்லை. சூத்திரத்தில் பிளாங்க்தான் வகுக்கும் எண், அன்றைய பிளாங்க்கை அன்றே எடுத்தால் சரிவு தானாகவே சரிப்படும். வரிசையின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. நேற்றைய பிளாங்க்கை இன்று போட்டால் கணக்கு முழுவதும் பாழ்.

நவம்பர் 4

மணிச்சத்து (பாஸ்பரஸ்), ஓல்சன் முறை. சுண்ணாம்பு மண்ணுக்கு பிரே கரைசல் ஆகாது, அதிலுள்ள அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும். 2.5 கிராம் மண், 50 மி.லி. 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட், கார அமில நிலை 8.5, நிறம் நீக்கச் சிட்டிகை டார்கோ கரி, 30 நிமிடம் ஷேக்கர். கரைசலைத் திறந்து வைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி 8.5 மேலே நகரும், தினமும் பார்த்துத் திருத்த வேண்டும். கரியிலேயே பாஸ்பரஸ் இருக்கும், ஆகவே கரி போட்ட பிளாங்க். வடிநீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நுரை அடங்கிய பிறகே நிறக் கரைசல். அவசரப்பட்டால் பாதி வெளியே பொங்கிவிடும்.

வெப்பநிலையை ஒவ்வொரு வரிசைக்கும் எழுதி வைக்கிறோம். சூடு கூடினால் கரைந்து வரும் மணிச்சத்தும் கூடும். மழைநாள் எண்ணும் வெயில்நாள் எண்ணும் ஒன்றல்ல.

நவம்பர் 5

மறுபடி அடைமழை. 1.3.

நவம்பர் 7

இன்று முழுக்க 2.24.

மில்லியன் பங்கை (பி.பி.எம்.) எக்டருக்குக் கிலோவாக்க எல்லோரும் 2.24-ஆல் பெருக்குகிறார்கள். 15 செ.மீ. ஆழத்துக்கு ஓர் எக்டர் 1,500 கன மீட்டர். 2.24 என்பது அந்த மண் 22,40,000 கிலோ என்பது, அதாவது பருமனடர்த்தி கன செ.மீ.க்கு 1.49 கிராம் என்று எடுத்துக்கொள்கிறோம். கரிசலில் கோர் (உருளையால் வெட்டியெடுக்கும் மண்) எடுத்து உலர்த்தி நிறுத்தால் 1.2. அப்படியானால் மண் 18,00,000 கிலோதான். 5.5 மில்லியன் பங்கு மணிச்சத்து 2.24-ஆல் 12.3 கிலோ, 1.8-ஆல் 9.9 கிலோ. குறைவுக்கும் நடுத்தரத்துக்கும் எல்லை 11. மறுபடியும் அதே கோடு, அதே தாண்டல்.

மாலையில் தெளிவு வந்தது. குறைவு, நடுத்தரம் என்று பிரிக்கும் அட்டவணையோடு ஒப்பிடும் எண் அந்த அட்டவணை எழுதப்பட்ட முறையிலேயே இருக்க வேண்டும், அங்கே 2.24-ஐ மாற்றினால் அட்டவணையே பொருளிழக்கும். எக்டருக்கு எத்தனை டன் கரிமம் இருக்கிறது என்று இருப்புக் கணக்கு எழுதும்போது அளந்த அடர்த்திதான், அங்கே 2.24 ஆகாது. 1.3-க்கும் இதே நியாயம்தான். எந்தக் காரணியால் பெருக்கியது என்று எண்ணின் பக்கத்திலேயே எழுதாத அட்டவணையை இனிமேல் நம்ப மாட்டேன்.

கரிசலில் கோர் அடிப்பது நல்ல ஈரத்தில் மட்டும். காய்ந்தால் வெடிப்பு உருளைக்குள் விழுந்து அடர்த்தி குறையும், சேறாக இருந்தால் அழுந்திக் கூடும்.

நவம்பர் 8

கரிமத்தை அங்ககப் பொருளாக மாற்றும் 1.724-ஐப் பற்றி இன்று யோசிக்கப் போவதில்லை.

நவம்பர் 9

அங்ககப் பொருளில் 58 சதவீதம் கரிமம் என்று யாருடைய மண்ணை வைத்துச் சொன்னார்கள்! கரிமத்தைக் கரிமமாகவே எழுதினால் போதும்.

நவம்பர் 12

டைகுரோமேட்டால் வந்த குரோமியக் கழிவு மூன்று கேன் சேர்ந்துவிட்டது. தொட்டியில் ஊற்றக் கூடாது, கூடவே கூடாது. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது, நீரில் கரைந்து நகர்வது. மிஞ்சிய பெரஸ் கரைசலைச் சேர்த்தால் ஆரஞ்சு போய்ப் பச்சையாகும், அது மூன்று இணைதிறன். பிறகு சுண்ணாம்பால் அமிலத்தை மெதுவாக நடுநிலையாக்கினால் படிந்துவிடும். படிவைத் தனியாக எடுத்து ஆபத்துக் கழிவில் சேர்க்க வேண்டும். மண்ணைப் படிப்பவர்களே மண்ணில் இதைக் கொட்டுவதைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது.

நவம்பர் 15

கரிமமும் தழைச்சத்தும் அளக்கும் சி.என். அனலைசரில் எங்கள் முறை இன்னும் வரவில்லை. 1.3-க்குப் பதில் அங்கேதான் கிடைக்கும்: கரிமம் முழுவதையும் எரித்து அளந்து, வாக்லி எண்ணால் வகுத்தால் எங்கள் கரிசலின் சொந்தக் காரணி.

ஆனால் அந்த எந்திரம் சுண்ணாம்பின் கரிமத்தையும் சேர்த்தே எண்ணும். 10 சதவீதம் கால்சியம் கார்பனேட் உள்ள மண்ணில் அதிலிருந்து மட்டும் 1.2 சதவீதம் கரிமம். சுண்ணாம்பைத் தனியாக அளந்து கழிக்கலாம் என்கிறார் சீனியர் அண்ணா. ஒத்துக்கொள்ள முடியவில்லை. சுண்ணாம்பு அளவில் 5 சதவீதம் பிசகினால் 0.06 கழிந்துபோகும், 0.6-இல் அது பத்தில் ஒரு பங்கு. அமில ஆவியால் சுண்ணாம்பின் கரிமத்தை முன்பே விரட்டுவதுதான் சரி. வெள்ளிக் குப்பியில் மண், ஒரு சொட்டு நீர், டெசிக்கேட்டரில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு மூடி வைப்பது. தகரக் குப்பி அமிலத்தில் அரித்துவிடும்.

நவம்பர் 17

வியாழக்கிழமை முறை கிடைத்தது! புகையூட்டிய குப்பிகள் 60 டிகிரியில் உலர்கின்றன. அமிலம் துளியும் மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் எந்திரத்தின் தாமிரக் குழாயைக் கெடுக்கும். ஒவ்வொரு மண்ணிலும் புகையூட்டாத குப்பி ஒன்றும் கூடவே போகிறது. சுண்ணாம்பில்லாத இருகூர்ச் செம்மண்ணில் இரண்டும் ஒத்துவர வேண்டும். ஒத்துவந்தால் கரிசல் தட்டை ஏற்றலாம்.