மே மாதத்தில் காலியாகக் கிடக்கும் களம்

"வீட்ல ஏதும் சண்டையா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது மணி ஆறேகால். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் சொம்பு. எங்கள் தெருவில், எங்கள் வீட்டு கேட்டுக்கு எதிரிலேயே நின்ற ட்ரெய்லரிலிருந்து நான் இறங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வீட்டுக்காரரும் மகளும் இன்னும் தூக்கம். ஏற்காட்டுக் குளிரில் கழிய வேண்டிய சனிக்கிழமை இரவு சேலத்துப் புழுக்கத்தில் கழிந்த கதையை அக்காவுக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. முழுதாக இங்கே சொல்கிறேன்.

ட்ரெய்லர் நாமக்கல்லில், லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சொல்லிச் செய்தது. பதின்மூன்று அடி நீளம், ஆறரை அடி அகலம். மூன்று பேர் நெருக்கியடித்துப் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. எங்கள் பொலேரோ இழுத்துவிடும். வார இறுதி ஆனால் எங்காவது கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதுதான் திட்டம். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மே மாதம், பள்ளி விடுமுறை, சனிக்கிழமை. பகல் பதினொரு மணிக்கு அடிவாரம் தாண்டினோம். சேலத்துக்காரர்கள் யாரும் செய்யக் கூடாத காரியம் இது, தெரிந்தே செய்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். கார் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். ட்ரெய்லர் அப்படியில்லை. கார் போன தடத்திலேயே அது வராது, வளைவில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் திரும்புவதற்கு முன்பே காரை வெளிவிளிம்புக்கு ஒதுக்கி, தாமதமாக ஒடிக்க வேண்டும். ஒடிக்கிற அந்த நேரம் பார்த்து மேலிருந்து பஸ் வரும். பஸ்ஸுக்கும் முழு ரோடு வேண்டும். ஒரு வளைவில் நானும் ஒரு பஸ் டிரைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை முறை. அவர் விட்டார். பின்னால் நின்ற இருபது கார்களும் ஹாரனை விடவில்லை.

மேலே ஏரியைச் சுற்றி வண்டி நகரவில்லை. பார்க்கிங்கில் டோக்கன் போடும் பையன் சொன்னதை இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம்: "காருக்கே இடமில்லக்கா, நீங்க வாலு வேற கட்டிட்டு வந்திருக்கீங்க."

முன்பே போனில் பேசி வைத்த இடம் ஒன்று இருந்தது. "டென்ட் போடலாம், வண்டி விடலாம், வாங்க" என்றார்கள். போனால் கேட்டருகே சரிவு, ஏணி சாத்தியது போல. ட்ரெய்லரின் பின்பகுதி தரையில் இடித்துவிடும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. உள்ளே டென்டுகள் கல்யாண மண்டபத்துச் செருப்புகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. வண்டியைத் திருப்பவும் இடமில்லை. காரோடு ட்ரெய்லரை இணைக்கும் ஹிட்ச்சைக் கழற்றி, ட்ரெய்லரைக் கையால் தள்ளித் திருப்பி, மறுபடி மாட்ட முக்கால் மணி நேரம். நான்கு கல்லூரிப் பையன்கள் இறங்கி வந்து தள்ளவில்லை என்றால் இன்னும் அங்கேயேதான் இருப்போம். பகோடா பாயின்ட் பக்கம் நிற்கவே விடவில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், அந்த ஆசையே வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தோல்வியை ஒப்புக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கினோம். வீட்டுக்கு வந்ததும் மகள் காலை ஊன்றிவிட்டாள்: "நான் ட்ரெய்லர்லதான் படுப்பேன்." அதனால்தான் தெருவில் தூக்கம், அக்காவின் கேள்வி.

அடுத்த புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டியில் தனியாக ஏறினேன். பையில் டேப், கொத்தனாரிடம் கடன் வாங்கிய ரசமட்டம். கடைத்தெருவை விட்டுவிட்டு, மலையைச் சுற்றி வரும் லூப் ரோட்டைப் பிடித்தேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் காபித் தோட்டம், நிழலுக்கு சில்வர் ஓக், அதன் மேல் ஏறிய மிளகுக் கொடி. எல்லாம் அழகுதான், ஆனால் ஒரு ட்ரெய்லருக்கு அழகு வேண்டியதில்லை. சமதளம் வேண்டும், வண்டி திரும்ப இடம் வேண்டும், ஒரு குழாய், ஒரு கழிப்பறை. மலையில் சமதளம் தானாகக் கிடைக்காது. யாராவது ஏதோ காரியத்துக்காக வெட்டிச் சமன் செய்திருந்தால்தான் உண்டு.

நாகலூர் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றபோது கீழே தோட்டத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிமென்ட் தரை, பந்து நன்றாக எகிறுகிறது. இந்தச் சரிவில் இவ்வளவு பெரிய சிமென்ட் தரை எதற்கு என்று யோசித்தவுடன் பொறி தட்டியது. காபி காயப்போடும் களம்!

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து தோட்டத்துக்குத் தோட்டம் இப்படி ஒரு களம் இருக்கிறது. நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கினால் ஜனவரி, பிப்ரவரி வரை களத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அப்புறம் அடுத்த பறிப்பு வரை பையன்களுக்கும் நாய்களுக்கும்தான். அதாவது ஏற்காட்டில் ஈ நுழைய இடமில்லாத மே மாதத்தில் களம் காலி. லாரி வந்து மூட்டை ஏற்றும் இடம் என்பதால் உள்ளே வர நல்ல பாதையும் இருக்கும். (பொங்கல் விடுமுறைக்கு இந்த யோசனை உதவாது, களம் முழுக்கக் காபிதான்.)

தோட்டத்து வாட்ச்மேன் வயதானவர். என்னைப் பார்த்ததுமே, "இங்க ரூமெல்லாம் கெடையாதும்மா" என்றார்.

"ரூம் வேண்டாங்கய்யா, களம் போதும்."

என்னையும் ரசமட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வீடு அளக்க வந்த ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, முதலாளிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அவரும் சேலத்துக்காரர்தான், ஒரு இரவுக்கு அறுநூறு ரூபாய்க்குச் சம்மதித்தார். நிபந்தனைகளை வாட்ச்மேன் சொன்னார்: தீ மூட்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ராத்திரி காட்டுமாடு வந்தால் டார்ச் அடித்து வேடிக்கை பார்க்கக் கூடாது. தீ விஷயத்தில் மட்டும் குரல் மாறியது. "குரங்கணில என்னாச்சுன்னு தெரியுமில்ல?" என்றார். 2018இல் தேனிப் பக்கம் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை மலைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை.

கேட் ஒன்பது அடி அகலம். களத்தில் ரசமட்டத்தை வைத்தால் குமிழ் நடுவிலிருந்து ஒரு மயிரிழை விலகி நின்றது. மழைத் தண்ணீர் வடிய லேசான வாட்டம் விட்டிருக்கிறார்கள். ஒரு சக்கரத்துக்கு அடியில் ஒரு பலகை, தீர்ந்தது.

இடத்தின் பெயரைக் கேட்காதீர்கள். எழுதினால் அடுத்த மே மாதம் பத்து வண்டி வந்து நிற்கும், அந்தப் பெரியவர் என்னைத்தான் திட்டுவார். களம் இல்லாத தோட்டம் அங்கே குறைவு. வார நாளில் போங்கள், போனில் பேசாமல் நேரில் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு ஏறினோம். எதிரே இரண்டே வண்டி. மதியம் முழுக்கத் தூக்கம். சாயங்காலம் கோடை மழை பிடித்து, அலுமினியக் கூரையில் புளியங்கொட்டை கொட்டுவது போலச் சத்தம். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. எங்களுக்கு அதில் குறையும் இல்லை. ராத்திரி போர்வை போதவில்லை, காட்டுமாடும் வரவில்லை.

சனிக்கிழமை காலை கதவைத் தட்டினார்கள். மட்டையோடு ஆறு பையன்கள். அவர்களுடைய மிட்விக்கெட்டில் எங்கள் ட்ரெய்லர் நின்றுகொண்டிருந்தது. நகர்த்தட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். பெரிய பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேணாங்கண்ணா, வண்டில பட்டா ஃபோர்னு வச்சுக்கறோம்" என்றான். மகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ட்ரெய்லரின் பக்கவாட்டுத் தகட்டில் இப்போது இரண்டு சின்னக் குழிகள் இருக்கின்றன. ஒன்று அவள் அடித்தது.