வேகாத பருப்பும் ஒரு திருகாணியும்

கோளாறை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. கையில் கருவி எதுவும் இல்லாமலேயே கண்டுபிடித்தார். "ஐந்து விசில் விட்டும் பருப்பு முழித்துக்கொண்டு நிற்கிறது. கடையை மாற்றிவிட்டாயா?" என்று கேட்டார். கடையை மாற்றவில்லை. அதே துவரம் பருப்பு, அதே குக்கர்.

நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில். குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர். குடிக்கவும் உலை வைக்கவும் ஆர்.ஓ. தண்ணீர். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இளகவிடாமல் இறுக்கிவிடும். ஆனால், அவற்றை நீக்குவதற்காகத்தானே சுவரில் ஒரு பெட்டியை மாட்டி வைத்திருக்கிறோம்?

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் அலமாரியில் கிடந்தது. எடுத்தேன். பேனா அளவுதான் இருக்கும். குழாய்த் தண்ணீர் 1,180 காட்டியது. ஆர்.ஓ. தண்ணீர் 310. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சர்வீஸ் அட்டையைப் பார்த்தேன். போன வருடம் ஜனவரியில் வந்தவர் எழுதிய கடைசி வரி: உள்ளே 640, வெளியே 110. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தை நான் புதுப்பிக்கவில்லை. பதினாறு மாதமாக அந்தப் பெட்டியை யாரும் திறக்கவே இல்லை என்பதை அட்டையின் வெற்றுக் கட்டங்கள் சொல்லிக் காட்டின.

310 ஒன்றும் விஷமல்ல. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை விட்டுக்கொடுக்கிறது. ஆனால், 110 கொடுத்த பெட்டி 310 கொடுக்கிறது என்றால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது சர்வீஸ்காரர் யோசிக்கவே இல்லை. "மெம்பரேன் போயிருக்கும் சார். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடலாம், 4,800 ஆகும்." மெம்பரேன் என்பது உப்பை வடிகட்டும் சவ்வு உருளை. பார்க்காமலே சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. வேளச்சேரியில் உதிரிபாகக் கடை ஒன்றில் விசாரித்தேன். 80 கேலன் மெம்பரேன், செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், வெளியே மாட்டும் ஸ்பன் ஃபில்டர், டெஃப்லான் டேப், மெம்பரேனின் உறையான ஹவுசிங்கைத் திறக்கும் ஸ்பேனர் எல்லாம் சேர்ந்து 2,150 ரூபாய். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை வேலை தொடங்கியது. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வரும் வால்வை மூடி, தொட்டியைக் காலி செய்தேன். முதலில் பெட்டிக்கு வெளியே இருக்கும் ஸ்பன் ஃபில்டர். அதன் கிண்ணத்தைத் திருகித் திறந்தவுடன் வந்த வாடையை மறக்க முடியாது. மழைக்கால வாய்க்கால் வாடை. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய உருளை, போரில் வரும் இரும்பால் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. விரலால் அழுத்தினால் சேறு வழிந்தது. நூறு ரூபாய்கூடப் பெறாத இந்த உருளையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியிருந்தால் உள்ளே இருப்பவை இன்னும் கொஞ்ச காலம் உழைத்திருக்கும். சில வாரங்களாகப் பெட்டி ஓடும்போது நின்று நின்று "டக் டக்" என்று சத்தம் வந்ததற்கும் இப்போது காரணம் புரிந்தது. அடைத்துப்போன உருளை வழியே போதிய தண்ணீர் வராததால், அழுத்தம் குறைந்து பம்ப் தானாக நின்று நின்று ஓடியிருக்கிறது.

செடிமென்ட், கார்பன் இரண்டையும் மாற்றுவதில் பெரிய வித்தை இல்லை. குழாய் முனையில் இருக்கும் வளையத்தை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு குழாயை இழுத்தால் வந்துவிடும். பழையதில் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் புதியதும் பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன் கைப்பேசியில் நான்கு படம் எடுத்து வைத்தேன். அது இல்லாமல் போயிருந்தால் அந்த வெள்ளைக் குழாய்களின் குடல் சிக்கலில் மாலை வரை உட்கார்ந்திருப்பேன்.

கார்பனில் மட்டும் ஒரு விஷயம். புதிய கார்பனிலிருந்து முதலில் வருவது மை கரைத்தாற்போன்ற கறுப்புத் தண்ணீர். அது நேராக மெம்பரேனுக்குள் போனால் வாங்கிய அன்றே புதிய மெம்பரேன் அடைக்கத் தொடங்கிவிடும். ஆகவே, கார்பனுக்கு அடுத்த குழாயை ஒரு பக்கெட்டில் விட்டு, தெளியும் வரை ஓடவிட்டேன். பத்து நிமிடம் ஆனது.

மெம்பரேன்தான் மல்லுக்கட்ட வைத்தது. ஹவுசிங் மூடி ஸ்பேனருக்கு அசைந்து கொடுத்தது. உள்ளிருந்த உருளையோ வர மறுத்தது. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைக் குறடால் பிடித்து, முறுக்கிக்கொண்டே இழுத்ததும் பல் பிடுங்கிய சத்தத்தோடு வந்தது. அதன் ஒரு முனையில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படிவம். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. புதியதன் தண்டில் ஓ-ரிங் எனப்படும் இரண்டு சிறிய கறுப்பு ரப்பர் வளையங்கள் இருக்கும். அவை ஹவுசிங்கின் அடிக்குழிக்குள் சரியாகப் போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்து நல்ல தண்ணீரோடு கலந்துவிடும். ஓ-ரிங்குகளைத் தண்ணீரில் நனைத்து, தண்டைக் குழிக்குள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு மென்மையான தடை, பிறகு சட்டென்று உள்ளே இறங்கியது.

முதல் இரண்டு தொட்டித் தண்ணீரைக் கீழே விட்டேன். மூன்றாவதை மாலையில் அளந்தேன். 190.

இரண்டாயிரம் ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு விரல்களில் கீறல். கிடைத்தது 190. போலி மெம்பரேனைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரை மனத்துக்குள் திட்டினேன். பிறகு ஓ-ரிங் சரியாக உட்காரவில்லையோ என்று மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினேன். மாற்றமே இல்லை. இரவு ஒன்பதரைக்குத்தான், காலையிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். மெம்பரேனிலிருந்து நல்ல தண்ணீர் வெளியேறும் மெல்லிய குழாயைக் கழற்றி, அதிலிருந்து நேராக ஒரு தம்ளரில் பிடித்து மீட்டரை வைத்தேன். 52.

அப்படியென்றால் மெம்பரேன் குற்றவாளி இல்லை. அந்த இடத்துக்கும் தொட்டிக்கும் நடுவில்தான் உப்பு ஏறுகிறது. குழாயைத் தடவிக்கொண்டே போனபோது, ஒரு சின்ன நீலத் திருகாணி வைத்த இணைப்பில் விரல் நின்றது. டி.டி.எஸ். கண்ட்ரோலர் என்று அழைக்கப்படும் சமாசாரம். பெயரைப் பார்த்து ஏதோ கட்டுப்படுத்தும் கருவி என்று நினைத்துவிடக் கூடாது. மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரில் கொஞ்சத்தைக் குறுக்கு வழியில் கொண்டுவந்து நல்ல தண்ணீரில் கலக்கும் ஒரு வால்வு, அவ்வளவுதான். ருசிக்காக வைத்திருக்கிறார்கள். எங்கள் பெட்டியில் அது நன்றாகவே திறந்திருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 52-இல் 1,180 கலந்து 190 ஆக வேண்டுமானால், நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மூலத்தண்ணீர் கலக்கிறது. மழை முடிந்த ஜனவரியில் போர் தண்ணீரே 640-தான் இருந்தது. அன்றைக்கு அந்தத் திறப்பு 110 கொடுத்தது. மே மாதத்தில் நிலத்தடி நீர் கீழே போய் உப்பு ஏறும்போது, திருகாணி அங்கேயே நிற்க, கலப்பது மட்டும் இரட்டிப்பு உப்பாகிவிடுகிறது. ஆர்.ஓ. வேண்டும் என்று வாங்கி, அதைச் சுற்றிக்கொண்டு வரும் தண்ணீரையும் சேர்த்துக் குடித்திருக்கிறோம்.

பழைய மெம்பரேனுக்கு அநியாயம் செய்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில், மறுநாள் மாலை அதையே திரும்பப் போட்டு அதே இடத்தில் அளந்தேன். 185. நிமிடத்துக்கு 90 மில்லி மட்டுமே வந்தது. புதியது 190 மில்லி தந்தது. ஆக, சர்வீஸ்காரர் சொன்னதும் பாதி உண்மைதான். பார்க்காமல் சொன்னார் என்பதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடவில்லை. மறுபாதியான திருகாணியை அவர் கண்டிருப்பாரா என்பது வேறு கேள்வி.

இன்னொன்றையும் அளந்தேன். புதியது ஓடும்போது நிமிடத்துக்கு 450 மில்லி கழிவாகப் போகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குக் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர். அதன் டி.டி.எஸ். 1,640. மொட்டை மாடிக் கறிவேப்பிலைச் செடி இலை நுனியெல்லாம் கருகி நின்றதற்கு நான் உரக்கடைக்காரரிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். தினமும் இந்தத் தண்ணீரைத்தான் அதற்கு ஊற்றியிருக்கிறேன். இப்போது அது தரை துடைக்கவும் கழிவறைக்கும் போகிறது.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை: அது உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. 52 காட்டும் தண்ணீர் வழவழவென்று பாசி பிடித்த தொட்டியில் நிற்கலாம். எங்கள் தொட்டியின் மூலையில் அந்த வழவழப்பு இருந்தது. சோப்பு போடாமல் தேய்த்துக் கழுவினேன். குழாய் வளையும் இடத்தில் இருக்கும் இணைப்பான எல்போ எதுவும் கசிகிறதா என்று பார்க்க, இரவு பெட்டிக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வைத்தேன். காலையில் ஓர் இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம். அதற்கு நேர் மேலே இருந்த எல்போவைக் கழற்றி டேப்பை இன்னும் நான்கு சுற்று சுற்றினேன். அடுத்த நாள் தாள் காய்ந்தே இருந்தது.

திருகாணியை முழுவதும் மூடியிருந்தேன். பெட்டியின் குழாயில் 55 வந்தது. பருப்பு மூன்றே விசிலில் மலர்ந்தது. அம்மா சாம்பாரைப் பாராட்டினார். தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மறுபடியும் சப்பென்று ஆகிவிட்டதே. போன வருடம் வந்த பிள்ளையிடம் நான்தான் சொன்னேன், தண்ணீரில் ருசியே இல்லை என்று. உள்ளே எதையோ திருகிவிட்டுப் போனான், அப்புறம் நன்றாக இருந்தது."

நான் எதுவும் சொல்லவில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் நீலத் திருகாணியைக் கடுகளவு திறந்தேன். தொட்டி நிரம்பியதும் மீட்டர் 90 காட்டியது. அம்மாவிடம் ஒரு தம்ளர் நீட்டினேன். பாதி குடித்துவிட்டு, "ம், பரவாயில்லை" என்றார்.