அறுபத்தைந்தாம் மொழியில் ஓர் ஓட்டை

மெய்ப்புப் பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பொறுக்காது. நாலு எழுத்து இடம் சும்மா கிடந்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதுதான் பிழைப்பு. பத்தாம் வகுப்பு கைடு, ராசிபலன், சமையல் குறிப்பு, நடுநடுவே அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு நல்ல நாவல். அந்த மேசைக்குத்தான் ஒருநாள், இயேசுவின் சீடர் தோமாவின் பெயரில் வழங்குகிற பழைய நூலான தோமா நற்செய்தி வந்தது.

மொழிபெயர்த்தவர் ஓய்வுபெற்ற பாதிரியார். குருமடத்தில் பாடம் நடத்தியவர், கிரேக்கம் தெரிந்தவர், அறுபது வயதுக்கு மேல் பழைய எகிப்திய மொழியான காப்டிக் படித்தவர். "தம்பி, இது பைபிளில் இருக்கிற மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நாலு நற்செய்தியில் சேராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்" என்றார். எங்கள் விற்பனைப் பிரிவில் இருப்பவருக்குத் தோமா என்றாலே பரங்கிமலைதான். அட்டையில் மலைப் படத்தைப் போட்டால் நன்றாக ஓடும் என்றார். தோமா இந்தியாவுக்கு வரும் கதை 'தோமாவின் பணிகள்' என்ற வேறொரு பழைய நூலில் இருக்கிறது என்று ஃபாதர் பொறுமையாக விளக்கினார். இந்த நூலில் பயணம் கிடையாது. சிலுவைச் சாவு, உயிர்ப்பு, அற்புதம் எதுவும் கிடையாது. "இயேசு சொன்னார்", "இயேசு சொன்னார்" என்று வரிசையாக 114 மொழிகள், அதாவது வாசகங்கள், அவ்வளவுதான். அந்த எண்களும் இந்தக் காலத்து ஆய்வாளர்கள் போட்டவை. அட்டையில் கடைசியில் பழுப்பு நிறத்தில் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு வந்தது.

முன்னுரையைப் பிழை பார்க்க உட்கார்ந்தவன், பிழையை மறந்து படித்துக்கொண்டே போனேன். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து கிரென்ஃபெல், ஹண்ட் என்று இரண்டு இளைஞர்கள் எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேட்டைத் தோண்டப் போகிறார்கள். 1897 ஜனவரி. தோண்டத் தொடங்கிய இரண்டாம் நாளே ஹண்ட் கையில் ஒரு கசங்கிய தாள் கிடைக்கிறது. அதில் அவர் கண்ணில் பட்ட கிரேக்கச் சொல் 'துரும்பு'. இயேசு சொன்ன, சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பும் தன் கண்ணில் இருக்கிற உத்திரமும் அவருக்கு உடனே ஞாபகம் வந்தன. அடுத்தவன் கண்ணில் துரும்பு தேடியே சம்பளம் வாங்குகிற எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தத் தாள் எந்த நூலைச் சேர்ந்தது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1904இல் இன்னும் இரண்டு துண்டுகளை வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று நில அளவைப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதியது. அதன் வலது பக்கம் பிய்ந்து போயிருப்பதால் வரிக்கு வரி கடைசிப் பாதி இல்லை. விட்டுப்போனதைக் கிரென்ஃபெல்லும் ஹண்ட்டும் ஊகித்து நிரப்பினார்கள். பிறகு 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாடிக்கு அருகே காப்டிக் சுவடிகள் கிடைத்தன. அதில் இரண்டாம் சுவடிக்குள் முழு நூலும், கடைசியில் 'தோமாவின்படி நற்செய்தி' என்ற பெயரோடு இருந்தது. பழைய கிரேக்கத் துண்டுகள் இதே நூல்தான் என்று 1950களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தவர் ஆன்ரி ஷார்ல் புவெக் என்ற பிரெஞ்சுக்காரர். அப்புறம்தான் பழைய ஊகங்களைச் சரிபார்க்க வழி பிறந்தது. சில சரி, சில தப்பு.

சுவடிகள் கிடைத்த கதையை, உரம் அள்ளப் போன விவசாயி, புதைந்த ஜாடி, பழிக்குப் பழி என்று ஃபாதர் முதல் படியில் விஸ்தாரமாக எழுதியிருந்தார். இரண்டாம் படியில் அது நாலு வரியாகச் சுருங்கிவிட்டது. அந்தக் கதையை எவ்வளவு நம்பலாம் என்று மார்க் குட்எக்கர், நிக்கோலா டென்சி லூயிஸ் போன்ற ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்களாம். "கதை ரொம்ப நன்றாக இருக்கிறது தம்பி, அதனால்தான் பயமாக இருக்கிறது" என்றார்.

என் கோளாறுக்கு வருகிறேன். பக்கத்துக்குப் பத்து இடத்தில் சதுர அடைப்புக்குறி. சொல்லுக்கு நடுவே, சொல்லின் தலையில், சில இடத்தில் உள்ளே வெறும் புள்ளிகள். பார்க்க அம்மை போட்டதுபோல் இருந்தது. இது ஏதோ ஃபாதரின் குறிப்பு, அச்சுக்குப் போகும்போது எடுத்துவிட வேண்டியது என்று நானே முடிவு செய்தேன். டைப்செட் செய்கிற பெண்ணிடம் சொன்னேன். ஃபைண்ட், ரீப்ளேஸ். ஒரு நிமிடத்தில் பக்கமெல்லாம் சுத்தம். ஃபாதருக்கு அடுத்த புரூஃபை அனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து போன். கோபம் இல்லை, அதுதான் உறுத்தியது. "தம்பி, அறுபத்தைந்தை எடுங்கள்."

எடுத்தேன். 'நல்ல மனிதன் ஒருவனுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது' என்று தொடங்கியது. குத்தகைக்காரர்களிடம் விடுகிறான். விளைச்சலில் தன் பங்கை வாங்கிவர வேலைக்காரனை அனுப்புகிறான், அடிக்கிறார்கள். இன்னொருவனை அனுப்புகிறான், அவனுக்கும் அடி. மகனை அனுப்புகிறான், கொன்றுவிடுகிறார்கள். தெரிந்த கதைதானே என்றேன்.

"அந்த 'நல்ல' சுவடியில் இல்லை" என்றார். அந்த இடத்தில் பாப்பிரஸ் பிய்ந்திருக்கிறது. சொல்லின் தலையும் வாலும் மிச்சம், நடுவில் சில எழுத்துகள் போய்விட்டன. ஓகாரம் வைத்து நிரப்பினால் 'க்ரேஸ்டோஸ்', நல்லவன். ஏகாரம் வைத்தால் 'க்ரேஸ்டேஸ்', கடன் கொடுத்து வாங்குகிற வட்டிக்காரன். தோட்டக்காரன் நல்லவன் என்றால் குத்தகைக்காரர்கள் கொலைகாரர்கள். அவன் வட்டிக்காரன் என்றால் கேட்கிறவன் மனசு எந்தப் பக்கம் சாயும்? ஃபாதர் 'நல்ல' என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டு, மற்றதை அடிக்குறிப்பில் கொடுத்திருந்தார். குறி போனதால் அடிக்குறிப்பு எதற்கென்று தெரியாமல் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதையும் வெட்டலாமா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியவன் நான்தான்.

"நீங்கள் ஒரே நிமிடத்தில் அவனை நல்லவன் ஆக்கிவிட்டீர்கள்" என்றார். அப்புறம், "புறநானூற்றில் ஏடு சிதைந்த இடத்தில் புள்ளி வைத்துத்தானே அச்சடித்திருக்கிறார்கள்? பார்த்ததில்லையா?" பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்.

பழைய ஃபைலின் மேலேயே சேவ் ஆகியிருந்தது. குறிகளை ஒவ்வொன்றாகக் கையால் திரும்பப் போட மூன்று நாள் ஆயிற்று. "எடுக்க ஒரு நிமிஷம், போட மூணு நாளா சார்?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் வாசிக்க வாசிக்க அவர் அடித்தார்.

அந்த மூன்று நாளில்தான் நூலை உண்மையில் படித்தேன். காட்டுப் புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப் பாருங்கள் என்று மத்தேயுவில் வருகிற வசனம் எல்லோருக்கும் தெரியும். லண்டனில் இருக்கிற, பைபிளின் பழைய கிரேக்கப் பிரதியான சினாய் சுவடியில் அந்த இடத்தை யாரோ அழித்துத் திருத்தியிருக்கிறார்கள். ஸ்கீட் என்பவர் புற ஊதா விளக்கில் பார்த்து, அடியில் இருந்த பழைய எழுத்தை 1938இல் வெளியிட்டார். வளருகின்றன என்று இல்லை; 'கம்பளியைச் சிக்கெடுப்பதில்லை' என்று இருந்தது. சிக்கெடுப்பதில்லை, நூற்பதில்லை. கிரேக்கத்தில் 'ஊ க்சாய்னே', 'அவ்க்சானே', இரண்டுக்கும் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம், அந்தக் காலத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளியும் விடமாட்டார்கள். 1904இல் வெளியான தோமா துண்டிலும் அப்படியே படிக்கலாம். தோமாவில்தான் பழைய பாடம் தப்பியிருக்கிறது, மத்தேயுவில் இருப்பது நகலெடுத்தவர் பிழை என்று ஒரு கட்சி. இல்லை என்று ஒரு கட்சி. காப்டிக் பிரதியில் அந்த மொழி சுருங்கி, புஷ்பங்களே இல்லாமல் போய்விட்டன. ஏட்டில் ரகரமும் காலும் ஒன்றுபோல இருந்து படுத்திய பாட்டைக் கேள்விப்பட்ட எனக்கு, பிழை என்கிற கட்சி மேல்தான் சாய்வு.

ஆனால் நூல் எப்போது உருவானது என்ற பெரிய சண்டையில் நான் எதிர்ப்பக்கம். ஹெல்முட் கோஸ்டர் போன்ற ஆய்வாளர்கள் தோமா மற்ற நற்செய்திகளைச் சாராத பழைய மரபு என்றார்கள். குட்எக்கரும் சைமன் கதர்கோலும் 2012இல் தனித்தனியாக எழுதிய நூல்களில் இதை மறுத்தார்கள். மறைந்திருப்பது வெளிப்படும் என்ற ஐந்தாம் மொழியில், மாற்குவின் வாக்கியத்தை லூக்கா மாற்றி எழுதிய வடிவம் அப்படியே கிரேக்கத் துண்டில் இருக்கிறது. கைடு புத்தகம் பார்க்கிறவனுக்கு இது புரிய நேரமாகாது. அடுத்த கம்பெனி கைடைப் பார்த்து அடித்தவன் கணக்கால் மாட்டமாட்டான். அவனுடைய கமாவால் மாட்டுவான். ஃபாதர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மொழி லூக்காவிடமிருந்து வந்தது என்பதால் 114ம் அங்கிருந்தே வந்துவிடுமா என்றார். ஏப்ரல் டிகோனிக் சொல்வதுபோல், சிறு தொகுப்பாகத் தொடங்கி மேலே மேலே சேர்ந்து வளர்ந்திருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

கடைசிப் புரூஃபில் அவரே அறுபத்தைந்தை மாற்றினார். 'நல்ல' போய், '[.....] மனிதன் ஒருவனுக்கு' என்று ஆயிற்று. இரண்டு சாத்தியமும் அடிக்குறிப்பில். மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டுதான் ஃபாரத்தை அனுப்பினேன்.

புத்தகம் வந்து ஒரு மாதம் இருக்கும். மதுரையிலிருந்து ஒருவர் போன் செய்தார். அறுபத்தைந்தில் அச்சு விழவில்லை, புள்ளி புள்ளியாக இருக்கிறது, வேறு பிரதி அனுப்புங்கள் என்றார். எல்லாப் பிரதியிலும் அப்படித்தான் சார் என்றேன். "சரி, நல்லவனா கெட்டவனா, அதையாவது சொல்லுங்க." அடிக்குறிப்பைப் பாருங்கள் என்றேன். தாள் புரளும் சத்தம். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஆக, உங்களுக்கும் தெரியாது" என்று வைத்துவிட்டார்.