மண்ணுக்குள் இருக்கும் வெலிங்டன்

குன்னூரை ஒட்டிய வெலிங்டன் ராணுவ முகாமில், எம்.இ.எஸ். எனப்படும் ராணுவப் பொறியியல் சேவைப் பிரிவில், குடிநீர்ப் பணியில் முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தேன். சீருடை அணியாத சிவிலியன் ஊழியன் நான். முகாமின் கட்டடம், சாலை, மின்சாரம், குடிநீர், குவார்ட்டர்ஸில் உள்ள கட்டில், நாற்காலி வரை எல்லாம் எங்கள் பிரிவின் பொறுப்பு.

வெலிங்டனின் பழைய பெயர் ஜக்கதளா. 1850களில் ஆங்கிலேயப் படைவீரர்களுக்காக இங்கே பெரிய பேரக்குகள், அதாவது தங்கும் கட்டடங்கள், எழும்பின. இன்று அவை முன்னாள் ராணுவத் தளபதி ஜெனரல் ஸ்ரீநாகேஷ் பெயரைத் தாங்கி நிற்கின்றன. எம்.இ.எஸ். 1923 செப்டம்பர் 26 அன்றுதான் உருவானது. நாடு பிரிந்தபோது குவெட்டாவில் இருந்த, ராணுவ அதிகாரிகளுக்கு உயர்பயிற்சி தரும் ஸ்டாஃப் காலேஜ் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியாவுக்கான கல்லூரி இங்கே அமைந்தது; மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. தேதிகளைப் பின்னாளில்தான் படித்தேன். ஆனால் முகாம் எப்படிப் படிப்படியாக வளர்ந்தது என்பதைக் குழி தோண்டும்போதே கண்ணால் பார்த்திருக்கிறேன். அடியில் கனத்த வார்ப்பிரும்புக் குழாய் கிடக்கும், அதைக் குறுக்கே கடந்து ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் போகும், அதற்கும் மேலே நாங்களே பதித்த குழாய் இருக்கும். புதிய குடியிருப்பு எழும்போதெல்லாம் பழைய இணைப்பிலிருந்து ஒரு கிளை பிரிந்திருக்கிறது.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணன் ஒருவர், கசிவைக் காதால் கண்டுபிடிப்பார். ஊர் அடங்கிய பிறகு, இரவு இரண்டு மணிக்கு, வால்வு திறக்கும் நீண்ட இரும்புச் சாவியின் ஒரு முனையைக் குழாயின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்பார். குழாய் நன்றாக இருந்தால் ஒன்றும் கேட்காது. எங்கேயாவது விரிசல் இருந்தால் சன்னமாக ஓர் இரைச்சல் இரும்பு வழியே ஏறி வரும். அந்தக் குளிரில் சில்லிட்ட இரும்பு காதில் பட்டது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் பத்தடி நகர்வார், மறுபடி கேட்பார், பிறகு காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, "இங்க வெட்டுப்பா" என்பார்.

ஸ்டாஃப் காலேஜ் வகுப்பு ஜூனில் தொடங்கி ஏறத்தாழப் பத்து மாதம் நடக்கும். அது முடிந்ததும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே சமயத்தில் வீட்டைக் காலி செய்யும். 'மார்ச்சிங் அவுட்' என்போம். குழாய், கீசர், விளக்கு, தாழ்ப்பாள் என ஒவ்வொன்றையும் பட்டியலோடு சரிபார்த்து, பழுது நீக்கி, அடுத்த குடும்பம் வருவதற்குள் வீட்டைத் தயார் செய்ய வேண்டும். எங்களுக்கு ஆண்டின் மிகக் கடினமான வாரங்கள் அவை. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எந்த வீட்டுக்கு எந்த வால்வு என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் நாங்கள்தாம்.

2009 நவம்பர் பெருமழையில் நீலகிரியெங்கும் மண் சரிந்தபோது அந்த நினைவு எவ்வளவு தேவை என்பதை முழுமையாக உணர்ந்தேன். சேறு மூடிய சரிவில் வால்வு மூடி எதுவும் தென்படவில்லை. அண்ணன் என்றோ காட்டிய ஒரு சில்வர் ஓக் மரத்திலிருந்து எட்டடி அளந்து தோண்டினோம்; வால்வு அங்கேயே இருந்தது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், புதிதாகச் சேர்ந்த தம்பியை அழைத்துக்கொண்டு குழாய்த் தடம் முழுவதையும் நடந்தேன். மரம் விழுந்தால் அடையாளம் போய்விடும் என்பதால், ஒவ்வொரு வால்வுக்கும் அருகிலுள்ள சுவரிலிருந்து தூரத்தை அளந்து அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அதை முடிக்க எங்களுக்கு நான்கு நாட்கள் ஆயின.