டெல்லி கணேஷின் மூன்று ஐயர்கள்

2024 நவம்பரில் டெல்லி கணேஷ் காலமான செய்தி வந்த பிறகு, அவர் நடித்த படங்களை ஒவ்வோர் இரவும் ஒன்றாகத் திரும்பப் பார்த்தேன். குணச்சித்திர நடிகர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல்லுக்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

வல்லநாட்டில் 1944-இல் பிறந்த அவர், 1964 முதல் பத்தாண்டுகள் விமானப் படையில் பணியாற்றியவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடைகளில் நடித்துத் தேர்ந்தவர். கே. பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ வழியாகத் திரைக்கு வந்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார்.

தமிழ்த் திரையுலகம் அவருக்கு அடிக்கடி கொடுத்த வேடம் ஐயர். ஒரே அச்சில் வார்த்த பாத்திரங்கள் தொடர்ந்து வருவது துணை நடிகர்களின் பொதுவான தலையெழுத்துதான். ஆனால் அவர் நடித்த ஐயர்களில் ஒருவர்கூட மற்றவரைப் போல இல்லை. ‘நாயகன்’ படத்தில், இந்தி தெரியாத வேலு நாயக்கருக்காகப் பேசும் ஐயர், தலைவரின் கோபத்தை வேற்று மொழியில் சொல்லும்போதும் தன் அச்சத்தை முகத்திலிருந்து முழுமையாக மறைக்க முடியாதவர். ‘மைக்கேல் மதன காமராஜ’னின் பாலக்காட்டு மணி ஐயரோ, சமையற்கட்டின் பரபரப்பும் மலையாளம் கலந்த பேச்சின் இழுவையும் உடம்போடு ஒட்டிய மனிதர். ‘அவ்வை சண்முகி’யின் சேதுராம ஐயர், முதலாளியின் நிழலில் நின்றே பழகிய, காரியத்தில் கண்ணான வேறொருவர். குரலின் ஏற்ற இறக்கத்தையும், எதிரே நிற்பவரின் வசனம் முடியும் வரை காத்திருக்கும் விதத்தையும் ஆளுக்கு ஆள் மாற்றியே இந்த வேறுபாட்டை அவர் உண்டாக்கினார் என்று நினைக்கிறேன். அடுத்தவர் பேசும்போது அவர் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருப்பார். அதனால்தான் கதாநாயகனின் நகைச்சுவை அவர் முகத்தில் பட்டு இரட்டிப்பாகத் திரும்பியது.

பின்னாளில் ‘மர்மதேசம்’, ‘கஸ்தூரி’ முதலிய தொடர்கள் அவரை வீட்டுக் கூடத்துக்கே அழைத்து வந்தன. திரைப்படத்தில் நான்கு காட்சிகளில் முடித்துவிட வேண்டிய ஒரு மனிதரை, நெடுந்தொடரில் நிதானமாக வளர்த்தெடுக்க அவருக்கு இடம் கிடைத்தது.

எனினும் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 1979-இல் துரை இயக்கிய ‘பசி’யில்தான். குடிசைப் பகுதியில் ரிக்‌ஷா ஓட்டிப் பிழைக்கும் தகப்பனாக அவர் நடித்து, தமிழக அரசின் சிறப்புப் பரிசும் பெற்ற படம் அது. சென்னையின் சேரித் தமிழ் அவர் வாயில் அவ்வளவு இயல்பாகப் புழங்கியது. அப்படியொரு தகப்பனைச் செய்து காட்டியவரிடம், அதன் பிறகும் பூணூலையும் பஞ்சகச்சத்தையுமே நம் இயக்குநர்கள் அதிகமாக நீட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.