ஸ்லோ குக்கரில் ஆட்டுக்காலும் மல்லாட்டையும்

பிரான்சில் வேலை முடித்து ஊர் திரும்பிய நாத்தனாரின் சாமான்களோடு ஒரு ஸ்லோ குக்கரும் புதுச்சேரி வந்து இறங்கியது. இங்கே அவருக்கு அது தேவைப்படவில்லை, எங்கள் முத்தியால்பேட்டை வீட்டுக்குக் கைமாறியது. குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம் அது. மூன்றரை லிட்டர் பீங்கான் பானை, கண்ணாடி மூடி, லோ, ஹை, வார்ம் என்று மூன்று நிலைகள் உள்ள ஒரு திருகு, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், பிள்ளைகள் பள்ளிக்கு, பகலில் அத்தை மட்டும் வீட்டில். மாதக் கடைசியில் மளிகைக் கணக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். இதை வைத்து ஏதாவது மிச்சம் பிடிக்க முடியுமா என்று மழைக்காலத்தில் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் பிளக் விஷயம். வெளிநாட்டு உறவுகள் உள்ள வீடுகள் இந்த ஊரில் நிறைய என்பதால் சொல்கிறேன். பிரான்சிலும் இங்கேயும் 230 வோல்ட், அதனால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்த குக்கர் என்றால் அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நேராகச் செருகினால் கருகிவிடும். பிரெஞ்சு பிளக்கின் இரண்டு பின்னும் நம் சாக்கெட்டில் லொடலொடவென்று ஏறத்தான் செய்யும், ஆனால் எர்த் கிடைக்காது. குக்கரின் வெளிக்கூடு தகரம் என்பதால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூன்று பின் பிளக் போட்ட பிறகுதான் அடுப்படியில் வைத்தேன்.

அப்புறம் கரண்ட் கணக்கு. அடியில் 210 வாட் என்று போட்டிருக்கிறது. எட்டு மணி நேரம் ஹையில் ஓடினாலும் 1.7 யூனிட்தான், லோவில் அதைவிடக் குறைவு. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கேஸ் பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் கிட்டத்தட்ட 12.7 யூனிட் வெப்பம் வரும், அதில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தில் சேராமல் வெளியே போய்விடும். அப்படிப் பார்த்தால் 1.7 யூனிட் என்பது சுமார் 200 கிராம் கேஸுக்குச் சமம். இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையை பிரஷர் குக்கரில் போட்டு ஆறேழு விசில் விட்டு, கொஞ்ச நேரம் சிம்மில் வைத்தால் அதில் பாதி கேஸ்கூடச் செலவாகாது. ஆகவே பிரஷர் குக்கர் இருக்கும் வீட்டில் ஸ்லோ குக்கரால் எரிபொருள் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேல்நாட்டுக்காரர்கள் அதை ஓவனோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். 2000 வாட் ஓவனில் மூன்று மணி நேரம் இறைச்சி வேகவைக்கிறவர்களுக்கு இது மிச்சம்தான். நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எங்கள் வீட்டில் மிச்சம் வந்தது கடையில். எதை வாங்குகிறோம் என்பது மெல்ல மாறியது. நேரம் பிடிக்கும், விசில் எண்ணிக்கொண்டு யார் நிற்பது என்று ஒதுக்கி வைத்திருந்த மலிவான பொருள்கள் எல்லாம் பைக்குள் திரும்பி வந்தன. ஆட்டுக்கால், நெஞ்செலும்பு, கொள்ளு, காய்ந்த மொச்சை, கறுப்புக் கொண்டைக்கடலை, உடைத்த கம்பு.

ஆட்டுக்காலில் தொடங்கியதுதான் சரியாக அமைந்தது. ஒரு செட் கால் அரைக் கிலோ கறியைவிட மலிவு. சுட்டுச் சுத்தம் செய்து வெட்டித் தரச் சொல்லி வாங்கி, மஞ்சள் போட்டுக் கழுவி ஒரு கொதி கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டை வாணலியில் வதக்கித்தான் சேர்க்க வேண்டும். ஸ்லோ குக்கரில் பச்சை வெங்காயம் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் பச்சை வாடை போகாது. பட்டை, கிராம்பு வழக்கத்தில் பாதி போதும், நீண்ட நேரத்தில் காரமாக இறங்கிவிடுகிறது. கால் மூழ்கும் அளவுக்குக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி இரவு பத்து மணிக்கு லோவில் வைத்தால் காலையில் எலும்பிலிருந்து தோல் தானாகக் கழன்று நிற்கிறது. மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, தேங்காய், பொட்டுக்கடலை, மிளகு அரைத்து ஊற்றி, கேஸ் அடுப்பில் ஐந்து நிமிடம். இட்லிக்கு ஞாயிறு காலை பாயா. மிஞ்சிய எலும்பைத் திரும்பப் போட்டு மதியம்வரை விட்டால் ரசத்துக்கு இன்னொரு தண்ணீர் கிடைக்கும். இரண்டாவது தண்ணீர் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், மிளகு சீரகம் தூக்கலாகப் போட்டுச் சரிக்கட்டலாம்.

அத்தை முதல் இரவு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது வேகுதா, இல்ல சும்மா சுடுதா?" என்று கேட்டார். "வேகுது அத்தை, மூடியை மட்டும் திறந்துடாதீங்க" என்றேன். ஒருமுறை திறந்தால் விட்ட சூட்டைத் திரும்பப் பிடிக்க அரை மணி நேரம்கூட ஆகும். மூடியில் படியும் ஆவியெல்லாம் பானைக்குள்ளேயே சொட்டுவதால் தண்ணீர் வற்றுவதும் இல்லை. அடுப்பில் ஊற்றும் அளவில் முக்கால் பங்கு போதும். கெட்டியான குழம்பு வேண்டுமென்றால் கடைசியில் அடுப்புக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

நாத்தனார் அங்கே இதில் பொத்தோஃபே செய்வாராம். மாட்டுக் கால்சதை, நல்லி எலும்பு, கேரட், டர்னிப், லீக் எல்லாவற்றையும் போட்டு நாள் முழுக்க வேகவிட்டு, முதலில் சாற்றைக் குடித்து, பிறகு கறியைச் சாப்பிடுவது. அதுவும் சிக்கனக்காரர்களின் சாப்பாடுதான். நாங்கள் நெஞ்செலும்பு, முள்ளங்கி, நூல்கோல், கேரட் போட்டு மிளகு தட்டிச் செய்கிறோம். காலையில் வாங்கி மாலைக்குள் விறைத்துப்போன ரொட்டியை அதில் நனைத்துச் சாப்பிடப் பிள்ளைகள் போட்டி போடுகிறார்கள். முன்பு அந்த ரொட்டி காக்காய்க்குத்தான் போகும்.

இந்தப் பானையின் கதையும் அப்படிப்பட்டதுதான். ஓய்வுநாளில் தீ மூட்டக்கூடாது என்பது யூதர்களின் வழக்கம். அதனால் வெள்ளிக்கிழமை மாலையே பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையை அணையும் அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் சாப்பிடுவார்கள். அம்மா சொன்ன அந்தக் கதையை வைத்து இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர் மின்சாரப் பானை ஒன்றைச் செய்து 1940இல் காப்புரிமை வாங்கினார். 1971இல் வேறொரு நிறுவனம் அதைக் கிராக்பாட் என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்கு வீடு போனது. அத்தை இதைக் கேட்டுவிட்டு, விறகு அடுப்பு இருந்த காலத்தில் தணலில் பால் சட்டியை வைத்துவிட்டுத் தூங்கப் போனதைச் சொன்னார்.

பயறு வகைகளில் ஒரு எச்சரிக்கை. ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு நல்ல கொதியில்தான் அழியும். லோ சூட்டில் மெதுவாக ஏறி, 80 டிகிரி அளவிலேயே நின்றுவிட்டால் பச்சைக் கொட்டையைவிட நச்சு கூடிவிடும், சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகுதான் பானைக்கு மாற்ற வேண்டும். மொச்சைக்கும் நான் இதையே செய்கிறேன். கொள்ளுக்கும் கொண்டைக்கடலைக்கும் இவ்வளவு பயம் இல்லை.

கடலை வேகாமல் முரண்டு பிடிப்பதற்கு இங்கே தண்ணீரும் ஒரு காரணம். எங்கள் போர் தண்ணீர் உப்பும் கடினமும் சேர்ந்தது. அதில் போட்ட கொண்டைக்கடலை எட்டு மணி நேரம் ஆகியும் நடுவில் கெட்டியாகவே இருந்தது, கேன் தண்ணீரில் போட்டது ஆறு மணி நேரத்தில் மசிந்தது. புளி, தக்காளி இரண்டையும் கடலை வெந்த பிறகே சேர்க்க வேண்டும், புளிப்பு ஏறினால் தோல் இளகாது. கொள்ளை இரவெல்லாம் வேகவிட்டு, தண்ணீரை வடித்து ரசமும், கொள்ளைக் கடைந்து மசியலும் என்று ஒரே பானையில் இரண்டு வேலை முடிகிறது. கடைசியில் வெங்காய வடகம் போட்டுத் தாளித்தால் அது ஸ்லோ குக்கரில் வெந்தது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

உடைத்த கம்பு ஒரு பங்கு, தண்ணீர் ஏழு பங்கு, இரவு லோ. காலையில் நன்றாகக் குழைந்த கஞ்சி. ஆறவைத்து, மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். பெரியவன் குடிக்கிறான், சின்னவள் வெல்லம் போட்டால்தான் தொடுகிறாள்.

மீன் குழம்பை இதன் பக்கமே கொண்டுபோகவில்லை. பத்து நிமிடத்தில் வேகும் சங்கராவைப் பல மணி நேரம் ஊறப்போட்டு என்ன செய்வது? அது மண்சட்டிக்கு உரியது. கீரையும் வேண்டாம், நிறம் செத்துவிடும். தேங்காய்ப்பால் ஊற்றினால் திரிந்து நிற்கும், இறக்கும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். துவரம்பருப்புக்கு பிரஷர் குக்கரே ராஜா.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். திருகு வைத்த மாடல் என்பதால் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தானே ஓடும். பட்டன் அழுத்தும் டிஜிட்டல் மாடல்கள் பல அப்படியே அணைந்து கிடக்கும். இரண்டிலும் ஆபத்து உண்டு. தூங்கும்போது எவ்வளவு நேரம் கரண்ட் இல்லை என்று தெரியாது, இறைச்சி வெதுவெதுப்பில் கிடந்தால் கெட்டுவிடும். அதே எக்ஸ்டென்ஷனில் ஒரு பழைய டிஜிட்டல் கடிகாரத்தைச் செருகி வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் அது 12:00 என்று திரும்பத் தொடங்கும். விழிக்கும்போது கடிகாரம் காட்டும் நேரத்தை வைத்து, எப்போது வந்தது என்றாவது தெரியும். எவ்வளவு நேரம் போயிருந்தது என்பதில் சந்தேகம் வந்தால் கறியைத் தூக்கிப் போட்டுவிடுவேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை நினைத்தால், சிலிண்டரை விட்டுவிட்டு முழுக்கக் கரண்டை நம்பும் எண்ணம் எனக்கு வரவே வராது.

வெயில் ஏறிய பிறகு இன்னொரு லாபம் தெரிகிறது. குக்கரைப் பின்கட்டு வராந்தாவுக்கு மாற்றிவிட்டேன், அடுப்படி கொதிப்பதில்லை. பகலில் அங்கே இப்போது மல்லாட்டைதான், அதாவது வேர்க்கடலைதான் வேகிறது. ஓட்டோடு நன்றாக அலசி, மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அரைக் கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு. பச்சை மல்லாட்டை ஹையில் நாலைந்து மணி நேரம் போதும். காய்ந்தது என்றால் முந்தின இரவே ஊறவைத்து, எட்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். வெந்த பிறகும் அந்த உப்புத் தண்ணீரிலேயே ஒரு மணி நேரம் கிடந்தால்தான் பருப்புக்குள் உப்பு ஏறும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் கேட்கும் பாக்கெட் தின்பண்டம் இதனால் பாதியாகக் குறைந்திருக்கிறது. பண்ருட்டிப் பலா வரத்து கூடிவிட்டது, அடுத்து பலாக்கொட்டையைத் தோலோடு போட்டுப் பார்க்கப் போகிறேன்.